இடது வால்வில் அரைச் சுற்று

ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அவருடைய வேலை. புதிதாகப் பழகுகிறவர்கள் யாராவது கேட்டால் அப்படியேதான் சொல்வார். கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்க மாட்டார். பதினோரு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வற்றிப் போயிருந்தது.

கார் டயர்களைச் சோதித்துப் பார்க்கும் மைதானம் அது. ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்குள், எந்த ஊருக்கும் போகாத ரோடுகள். ஒன்று நேராகப் போய்த் திரும்பி வரும். இன்னொன்று வெறும் வட்டம். மூன்றாவது ஈரத்தடம், ஏழு வளைவுகளோடு நெளிந்து நெளிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அது அவர் பொறுப்பு. அதன் இரண்டு ஓரத்திலும் குழாய், குழாய் நெடுகப் பொடித்துளை, ஒவ்வொரு வளைவுக்கும் இடது பக்கம் ஒரு வால்வு, வலது பக்கம் ஒரு வால்வு. பதினான்கு வால்வையும் திருகி, ரோட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிற்க வைக்க வேண்டும். கூடினால் டயர் மிதக்கும். குறைந்தால் காய்ந்த ரோட்டில் ஓட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. காற்றடித்தால் ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் ஒதுங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வால்வுகளைக் கைக்குழந்தை போலக் கவனிக்க வேண்டும். அப்படித்தான் அவருக்கு ‘ஒரு மில்லி’ என்று பெயர் வந்தது. வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அளந்து பார்க்க ஒரு எஃகுத் துண்டு உண்டு. ஏணிப்படி மாதிரி வெட்டியிருக்கும், எந்தப் படி வரைக்கும் நனைகிறதோ அதுதான் தண்ணீரின் உயரம். மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் அவர் அதைச் செருகியிருப்பார். ரோட்டின் நடுக்கோட்டில் ஐந்து இடத்தில் வைத்துப் பார்த்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நடுக்கோட்டில் மட்டும். ஏன் நடுக்கோடு என்று அவரும் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. அவர் வேலையில் சேர்ந்தபோதே தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது.

ஆனால் எஃகுத் துண்டைவிட அவர் தன் கண்ணைத்தான் நம்பினார். கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனதும் அதன் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். தண்ணீர் விலகி ரோடு வெளியே தெரிகிற கோடுகள். அவை கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் பிறகு மூடிக்கொள்ளும். தண்ணீர் அதிகமாக இருந்தால் சட்டென்று மூடும், குறைவாக இருந்தால் ஆற அமர மூடும். மனசுக்குள் ‘ஒண்ணு’ என்று சொல்லி முடிக்கும்போது மூடினால் சரியான அளவு. இந்த வித்தையைப் பற்றி அவர் யாரிடமும் பெருமை பேசியதில்லை. பேசினாலும் கேட்கிற ஆள் இல்லை.

வீட்டில் அந்தக் கண்ணுக்குத் துளியும் மரியாதை கிடையாது. சமையலறைக் குழாய் நாலு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கிண்ணம்.

“ரோட்டுக்கு மில்லி மில்லியா அளந்து ஊத்துற ஆளு. வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாத்த நேரமில்ல,” என்பாள் மனைவி. மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதிக்கு அவள்தான் மேற்பார்வை. நாள் முழுக்கத் தண்ணீர் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதே சத்தம் என்றால் எரிச்சல் வராதா.

“இதையும் அளந்துதான் வெச்சிருக்கேன். ஒரு நாளைக்கு ரெண்டு கிண்ணம்.”

“அதையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அவளுடைய தம்பியும் அதே மைதானத்தில்தான் வேலை பார்த்தான். டயர் மாட்டுகிறவன். இத்தனை நாளும் லாரிப் பிரிவில் இருந்தவனை அந்த வாரம்தான் கார்ப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் எதிரே பார்த்தால் போதும், “என்ன மாமா, ரோட்டைக் குளிப்பாட்டியாச்சா? தலை துவட்டி விட்டீங்களா?” என்பான்.

“வண்டிக்குச் செருப்பு மாட்டுறவனுக்கு வாயைப் பாரு. போ மாப்ள, போய் வேலையைப் பாரு,” என்பார் இவர். அதோடு சரி, இரண்டு பேரும் அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

அந்த வாரம் வந்திருந்தது தாழ்வான, அகலமான ஒரு கார். இன்ஜினின் பலம் நாலு சக்கரத்துக்கும் போகும். எந்தச் சக்கரமாவது வழுக்கிச் சுழன்றால் கம்ப்யூட்டர் அதைப் பிரேக் போட்டு அடக்கி, இன்ஜினையும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, மிச்சமிருக்கிற சக்கரங்களுக்குப் பலத்தைத் திருப்பிவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோல். பாதி தேய்ந்த டயர்களோடு, ஈர ரோட்டில், அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். “புது டயர்ல எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான். தேஞ்ச பிறகு எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும்,” என்றார் சோதனைக்குப் பொறுப்பான இன்ஜினியர். புது டயரின் பள்ளம் எட்டு மில்லி. இந்த நாலு டயரையும் நாலு மில்லிக்குத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

ஓட்டுகிறவர் நாற்பதை நெருங்கிய ஒரு பெண். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர். “இங்க வந்த பிறகுதான் நிதானமா ஓட்டுறேன்,” என்பார். எல்லோருக்கும் அவர் டிரைவரம்மா. ஈரத்தடத்தில் ஓட்ட நீல அட்டை வேண்டும். ‘ஓட்டுநர் தவறு’ என்று இரண்டு தடவை எழுதப்பட்டால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். டிரைவரம்மாவுக்கு ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பிரேக்கை ஒரு நொடி தாமதமாக மிதித்தார். “அது என் தப்புதான்,” என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அட்டை போனால் வட்டத்தடம்தான் கதி. டயர் எத்தனை நாளில் தேய்கிறது என்று பார்க்க, காலையிலிருந்து மாலை வரை ஒரே வேகத்தில், ஒரே பக்கமாக, செக்கு மாடு மாதிரி சுற்ற வேண்டும். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சோதனை ஆரம்பித்தது. ஒரு மில்லி வழக்கம்போல மூன்றாம் வளைவில் நின்றார். வலது பக்கம் திரும்புகிற வளைவு அது. முதல் சுற்றில் கார் மெதுவாக வந்து வளைவுக்குள் போனது. பின்னால் விழுந்த கோடுகளைப் பார்த்தார். வலது கோடு ‘ஒண்ணு’ என்று முடிக்கும்போது சரியாக மூடிக்கொண்டது. இடது கோடு மூடவில்லை. ‘ரெண்டு’ என்று பாதி சொன்ன பிறகுதான் மூடியது.

இடது குழாயில் தூசி அடைத்திருக்கும் என்று நினைத்தார். அந்தப் பக்கம் தண்ணீர் குறைவு. வேறு எதுவும் தோன்றவில்லை; பதினோரு வருடமாகக் கோடு மூடத் தாமதமானால் தண்ணீர் குறைவு என்றுதான் அர்த்தம். இடது வால்வை அரைச் சுற்றுத் திறந்துவிட்டார். இரண்டாம் சுற்றில் இரண்டு கோடுகளும் சொல்லி வைத்தாற்போல ஒன்றாக மூடின. அவருக்குத் திருப்தி.

மூன்றாம் சுற்றில் கார் வேகமாக வந்தது. முன்பக்கம் வளைவுக்குள் ஒழுங்காகத் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. இடது பின்சக்கரம் தண்ணீர் மேல் ஏறி வெளியே போனது, கார் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பின்புறமாகவே புல்லைக் கடந்து, தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பிளாஸ்டிக் தடுப்பில் போய் முட்டி நின்றது. அவர் ஓடினார். போய்ச் சேர்வதற்குள் டிரைவரம்மா தானே கதவைத் திறந்து இறங்கியிருந்தார்.

“அண்ணே, என் கண்ணாடி எங்க விழுந்துச்சுன்னு பாருங்க.”

பெடலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். பெல்ட் அழுத்திய தோளில் கன்றிப் போயிருந்ததைத் தவிர அவருக்கு வேறு அடி இல்லை.

மத்தியானம் விசாரணை. இன்ஜினியரின் அறை, ஏசிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க மேலே ஒரு பெரிய நட்டு. அவர் வேண்டுமென்றே யார்மேலும் பழி போடுகிறவர் இல்லை. தாள்களை வரிசையாகப் படித்தார். டயர் தாள்: நாலும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, காற்றழுத்தம் சரி. தண்ணீர் தாள்: ஐந்து இடத்திலும் ஒரு மில்லி. கம்ப்யூட்டர் பதிவு: சக்கரம் வழுக்கிய உடனே டிராக்‌ஷன் கன்ட்ரோல் தலையிட்டிருக்கிறது, செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறது.

“மூணும் சரியா இருக்கு. அப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான்,” என்றார்.

மிச்சமிருந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். “நான் ஒண்ணும் பண்ணலயே சார். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அவ்வளவுதான்.”

“பதிவுல வேற காரணம் இல்லம்மா. வெள்ளிக்கிழமை அறிக்கையில கையெழுத்துப் போட்டாகணும். அதுக்குள்ள வேற ஏதாவது கிடைச்சா பாக்கலாம்.”

ஒரு மில்லி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த அரைச் சுற்று அவர் நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் இரண்டு கோடுகளும் சமமாக மூடின. அவர் கண்ணால் பார்த்தார். தண்ணீர் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. தாளில் வால்வு பற்றி எழுத இடமும் இல்லை.

மறுநாள் மாலை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். அக்கா தட்டு வைப்பதற்குள் பேச்சு காரைப் பற்றிப் போனது.

“அந்த வண்டிக்கு ஆரம்பமே சரியில்ல மாமா. செவ்வாய்க்கிழமை காலையில பாத்தா ஒரு டயர்ல போல்ட்டு ஏறியிருக்கு. நல்லவேளை, ஸ்டோர்ல அதே கம்பெனி, அதே அளவு இருந்துச்சு. மாட்டி அனுப்பிட்டேன்.”

“எந்தப் பக்கம்?”

“முன்னாடி இடது.”

“அதுவும் தேஞ்ச டயர்தானா?”

“தேஞ்சதை யாராவது ஸ்டோர்ல வெப்பாங்களா? புத்தம் புதுசு. லாரியில எல்லாம் ஒண்ணு போனா ஒண்ணு மாத்துவோம், ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

கிண்ணத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன மாமா?”

“இடது கோடு லேட்டா மூடினது தண்ணி குறைஞ்சு இல்ல மாப்ள. உன் புது டயருக்குப் பள்ளம் ஆழம். தண்ணியை ரெண்டு மடங்கு வாரி வெளியே தள்ளியிருக்கு. நான் ரோட்டைச் சந்தேகப்பட்டு அரைச் சுத்துத் திறந்து விட்டுட்டேன்.”

மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலால் இரண்டு கோடு இழுத்துக் காட்டினார். கார் நேராகப் போகிறபோது பின்சக்கரம் முன்சக்கரம் துடைத்த கோட்டிலேயே போகும். வளைவில் வேகமாகத் திரும்பினால் அந்தக் கோட்டை விட்டு விலகி, துடைக்காத தண்ணீரில் ஏறும். அங்கே ஒரு மில்லிக்குமேல் தண்ணீர், காரின் பாரம் முழுக்க அந்தப் பக்கம், டயரோ பாதி தேய்ந்தது. முன்னாலே பிடி, பின்னாலே மிதப்பு. “கம்ப்யூட்டர் பிடி இருக்கிற சக்கரத்துக்குப் பலத்தைக் குடுக்கும். பிடியை எங்கிருந்து குடுக்கும்?”

மைத்துனன் தட்டைத் தள்ளி வைத்தான். “மாமா, தாள்ல என்ன கேட்டாங்களோ அதைத்தான் எழுதினேன். கம்பெனி, அளவு, காத்து. நீங்களும் அப்படித்தான். ரெண்டு பேரும் பொய் சொல்லல. சும்மா இருந்தா முடிஞ்சு போச்சு.”

“டிரைவரம்மாவுக்கு முடிஞ்சு போகும்.”

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மனைவி, “அந்த அட்டை போனா என்ன பண்ணுவாங்க?” என்றாள்.

“வட்டத்துல சுத்துவாங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“வேலையில இருக்கிற வரைக்கும்.”

அவள் தம்பியையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். “ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல மெமோ வந்தா நான் முதல்ல யாரைத் திட்டுறது?” என்று கேட்டுவிட்டு நிரம்பிய கிண்ணத்தை எடுத்துக் கொட்டினாள்.

“போகும்போது என்னையும் கூப்பிடுங்க,” என்றான் தம்பி, வாசலில் செருப்பை மாட்டியபடி. “நீங்க மட்டும் போய் நின்னா என்னைக் காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்.”

வியாழக்கிழமை இரண்டு பேரும் இன்ஜினியர் முன் நின்றார்கள். அவர் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு, “கண்ணால பாத்த கோட்டை நான் அறிக்கையில எழுத முடியாது,” என்றார். ஆனால் எழுந்து வந்தார். தடுப்பருகே நிறுத்தியிருந்த காரின் டயர்களை அவரே குனிந்து அளந்தார். நாலு, நாலு, நாலு. முன் இடது, எட்டு. அறைக்கு வந்து பதிவைத் திறந்து, நேர் ரோட்டில் சக்கரங்கள் சுற்றிய எண்ணிக்கையைப் பார்த்தார். மற்ற மூன்றும் ஆயிரம் தடவை சுற்றினால் முன் இடது சக்கரம் பன்னிரண்டு சுற்றுக் குறைவு. புது டயரின் சுற்றளவு கூடுதல் அல்லவா.

“இது எப்படி என் கண்ணுல படாம போச்சு?” என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார்.

“நீங்க சறுக்கின இடத்தை மட்டும் பாத்தீங்க சார். நேரா போன இடத்தைப் பாக்கல,” என்றார் ஒரு மில்லி.

“சரி. ஆனா டயர் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. நடுக்கோட்டுல ஒரு மில்லிதானே? வளைவுல இடது ஓரத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு எந்தத் தாள்லயும் இல்ல. நீங்க அரைச் சுத்துத் திறந்தீங்கங்கிறதுக்கும் ஆதாரம் இல்ல. ஓட்டிக் காட்டினா எழுதறேன். அதே டயர், அதே வேகம். முதல்ல வால்வு சமமா. அப்புறம் அரைச் சுத்து. முதல்ல தடத்துலயே நின்னு ரெண்டாவதுல சறுக்கினா, அவங்க பேரை எடுத்துடறேன். ரெண்டுலயும் நின்னுடுச்சுன்னா, மன்னிக்கணும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அறிக்கையில் கையெழுத்து விழாதவரை அட்டை செல்லும். நானே ஓட்டுகிறேன் என்றார் டிரைவரம்மா.

வெள்ளிக்கிழமை காலை காற்று இல்லை. தடுப்புகளை இன்னும் முப்பது அடி பின்னால் தள்ளி வைத்தார்கள். வால்வுகள் சமமாக இருந்தபோது கார் செவ்வாய்க்கிழமை வேகத்திலேயே வந்தது. வளைவில் பின்பக்கம் ஒரு தடவை நெளிந்து, கம்ப்யூட்டர் இழுத்துப் பிடிக்க, போய்விட்டது. இன்ஜினியர் தலையசைத்து ஒரு மில்லியைப் பார்த்தார்.

வால்வின் சக்கரத்துக்குச் சிவப்புப் பெயின்ட். ஒரு கம்பியில் மட்டும் பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும். செவ்வாய்க்கிழமை யோசிக்காமல் திருகிய கை இன்றைக்கு யோசித்தது. கால் சுற்றுப் போதும் என்று நிறுத்தினால் கார் சறுக்காமல் தடத்திலேயே நிற்கும். தண்ணீர் மேல் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அவர் பதினோரு வருடமும் அப்படியே இருக்கும். முக்கால் சுற்றுத் திருகினால் கார் நிச்சயம் சறுக்கும், டிரைவரம்மா தப்பித்துவிடுவார். இரண்டையும் கண்டுபிடிக்க அங்கே ஒருவருக்கும் கண் கிடையாது. இன்ஜினியர் நாற்பது அடி தள்ளி நின்று கம்ப்யூட்டரில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை திருகி முடித்தபோது உரிந்த கம்பி நேராகத் தரையைப் பார்த்திருந்தது. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தரையைப் பார்க்கிற வரைக்கும் திருகினார். கையை எடுத்துவிட்டார்.

முதலில் இரண்டு சுற்று, அன்றைக்கு மாதிரியே மெதுவாக. மூன்றாவது வேகமாக. கார் வளைவுக்குள் வந்தது, முன்பக்கம் திரும்பியது, இடது பின்சக்கரத்தின் கீழ் தண்ணீர் விசிறியாக எழாமல் தட்டையாகப் பரவியது. அதைப் பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கார் அன்றைக்குச் சுற்றிய அதே இடத்தில் சுற்றி, புல்லில் கோடு கிழித்து, தடுப்புக்கு ஆறடி முன்னால் நின்றது.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. “அண்ணே, இன்னிக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டுத்தான் ஏறினேன்,” என்றார் டிரைவரம்மா.

“கண்ணாடி இல்லாமலா ஓட்டினீங்க?”

“தூரத்துல இருக்கிறது நல்லாத் தெரியும். படிக்கிறதுக்குத்தான் அது. அன்னிக்குக் கழுத்துல தொங்கிட்டு இருந்துச்சு.”

அறிக்கையில் ‘ஓட்டுநர்’ என்ற கட்டம் காலியாக விடப்பட்டது. டயர் தாளில் பள்ளத்தின் ஆழம் எழுத நாலு கட்டம் புதிதாக வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற கார் என்றால் ஒரு டயர் போனாலும் நாலையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டார்கள். தண்ணீர் தாளில் நடுக்கோட்டோடு இடது ஓரமும் வலது ஓரமும் சேர்ந்தன. முன்பு ஐந்து தடவை குனிந்தவர் இனி பதினைந்து தடவை குனிய வேண்டும். வால்வைத் தொட்டால் எத்தனை சுற்று என்று எழுத வேண்டும். மைத்துனனுக்கு ஒரு மெமோ, இவருக்கு ஒரு மெமோ. அதோடு இவருக்கு இன்னொன்றும்: ஆறு மாதத்துக்கு இவர் அளவை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட வேண்டியவர், அன்றைக்கு அந்தத் தடத்தில் ஓட்டப்போகிறவர்.

பதினோரு வருடத்தில் அவருடைய தாளில் இரண்டாவது கையெழுத்து விழுந்ததில்லை. மைத்துனன் தன் மெமோவையும் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்தான். மனைவி இரண்டு மெமோவையும் படித்தாள், மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வாஷரை மாற்றினார். மாற்றிய பிறகும் சொட்டியது, முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக.

“இப்ப எத்தனை கிண்ணம்?” என்றாள்.

“ஒண்ணு.”

“யாரு கையெழுத்துப் போடுறது?”

திங்கட்கிழமை காலை டிரைவரம்மா எஃகுத் துண்டை வாங்கிக்கொண்டு, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூன்றாம் வளைவின் இடது ஓரத்தில் குந்தினார்.

“ஒண்ணேகால் இருக்கு அண்ணே.”

“இருக்காது. ஒண்ணுதான். இப்பத்தான் பாத்தேன்.”

“ஒண்ணேகால். வந்து பாருங்க.”

அவர் போய், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தார். ஒண்ணேகால்தான். வால்வருகே போய் ஒரு துளி திருகிவிட்டு, எவ்வளவு திருகினோம் என்று எழுதுவதற்காகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். பேனா இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. டிரைவரம்மா தன்னுடையதை நீட்டினார்.